கிரேக்கமா, ரோமா? அணையில் மூழ்கிய துருக்கி நகரின் மொசைக் தரைகள் யாருடையவை?

சின்னச் சின்னக் கல், கண்ணாடித் துண்டுகளால் செய்த ஒன்பது பெண்களின் முகங்கள். ‘2,200 ஆண்டு பழமையான கிரேக்க மொசைக் துருக்கியில் கண்டுபிடிப்பு’ என்ற மாதிரியான தலைப்போடு இந்தப் படங்களை நீங்களும் மொபைலில் பார்த்திருக்கலாம். இது 2014-ல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு. ஆனாலும் ஏதோ நேற்றுத்தான் தோண்டி எடுத்தது போல மறுபடி மறுபடி சுற்றுக்கு வருகிறது. வரும்போதெல்லாம் ஒரு வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். இது கிரேக்கம் என்பார் ஒருவர். இல்லவே இல்லை, ரோம் என்பார் இன்னொருவர். இருப்பது துருக்கி மண்ணில்தானே, அப்புறம் என்ன கிரேக்கம், ரோம் என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஆனால் இந்தச் சண்டைக்குப் பின்னால் அணை, திருட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகம், சிமென்ட் என்று பெரிய கதையே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ‘மொசைக்’ என்றதும் நம்ம ஊர் பழைய வீடுகளில் இருக்கும் புள்ளி புள்ளியான தரையை நினைத்துவிட வேண்டாம். அது சிமென்ட்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, மிஷின் வைத்துத் தேய்த்து எடுப்பது. இங்கே நாம் பேசுவது விரல் நகம் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் வெட்டிய கற்களை, ஒவ்வொன்றாகக் கையால் பதித்து உருவாக்கிய படங்கள்.

ஜியூக்மா எங்கே இருக்கிறது?

ஒன்பது பெண்களின் படம் கிடைத்த ஊரின் பெயர் ஜியூக்மா. துருக்கியின் தென்கிழக்கில், சிரியா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள காஸியான்டெப் மாகாணத்தில், யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது.

கி.மு. 300 வாக்கில் இந்த ஊரை அமைத்தவர் செலூகஸ் நிகேட்டர். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் சந்திரகுப்த மௌரியருடன் மோதி, பிறகு ஒப்பந்தம் செய்துகொண்டு யானைகளை வாங்கிப் போவாரே, அதே செலூகஸ்தான். அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவர். ஆற்றின் மேற்குக் கரையில் தன் பெயரில் செலூசியா, எதிர்க்கரையில் மனைவி அபாமாவின் பெயரில் அபாமியா என்று இரட்டை ஊர்களை உண்டாக்கினார். இரண்டையும் இணைத்த ஆற்றுக் கடவைதான் ‘ஜியூக்மா’. கிரேக்கத்தில் ‘பிணைப்பது’ என்று பொருள். பின்னால் அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது.

கி.மு. 64-ல் ரோமானியத் தளபதி பாம்பே இந்த ஊரை கொம்மஜீன் என்ற சிறிய அரசின் மன்னரிடம் ஒப்படைத்தார். அதன் பிறகு ஊர் நேரடியாகவே ரோமானியப் பேரரசுக்குள் வந்தது. பேரரசின் கிழக்கு எல்லை இது. நான்காம் சித்திகா என்ற ரோமானியப் படைப்பிரிவு இங்கே முகாமிட்டிருந்தது. படை இருந்தால் சம்பளம் புழங்கும், ஆற்றைக் கடக்கும் வியாபாரிகளிடம் வரி வசூலாகும். ஊர் கொழித்தது. ஆற்றைப் பார்த்த சரிவில் பணக்காரர்கள் வீடு கட்டினார்கள், தரை முழுக்கப் படம் பதித்தார்கள்.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரசீக மன்னர் முதலாம் ஷாபூர் படையெடுத்து வந்து ஊரை அழித்தார். இடிந்த வீடுகள் மேல் சரிவிலிருந்து மண் இறங்கி மூடிக்கொண்டது. கொடுமைதான், ஆனால் தரைகள் பிழைத்ததற்குக் காரணமும் அந்த மண்தான்.

இப்போது அந்தத் தலைப்புக்கு வருவோம். ஊருக்கு வயது ஏறக்குறைய 2,300. ஆனால் இங்கே கிடைத்த பெரும்பாலான மொசைக்குகள் கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது சுமார் 1,800 வருடம் பழையவை. ஊரின் வயதைத் தூக்கி வீட்டுத் தரைக்குக் கொடுத்தால் இப்படித்தான் ‘2,200’ மாதிரி ஒரு எண் பிறக்கும். வேறு வார்த்தையில் சொன்னால், இந்தத் தரைகள் பதிக்கப்பட்டபோது அங்கே நடந்தது ரோமானிய ஆட்சி.

அப்படின்னா ரோம்தானே, இன்னும் என்ன சண்டை?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. தரையில் உள்ள உருவங்களுக்குப் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். லத்தீனில் இல்லை, கிரேக்கத்தில்! அந்த ஒன்பது பெண்கள் கிரேக்கப் புராணத்தில் கலைகளுக்கு உரிய தேவதைகளான மியூஸ்கள். மற்ற வீடுகளில் இருப்பது கடல் தெய்வம் பொசைடன், ட்ராய் போர் வீரன் அகிலிஸ், மது தெய்வம் டயோனிசஸ். எல்லாம் கிரேக்கக் கதைகள்.

ஒரு தரையில் சில பெண்கள் கூடி உட்கார்ந்திருக்கும் காட்சி இருக்கிறது. ஏதென்ஸ் நாடக ஆசிரியர் மெனாண்டர் எழுதிய ‘சினரிஸ்டோசாய்’ என்ற நகைச்சுவை நாடகத்தின் காட்சி அது. மெனாண்டர் வாழ்ந்தது இந்தத் தரை பதிக்கப்படுவதற்கு ஏறக்குறைய 500 வருடங்களுக்கு முன்னால். அதே நாடகத்தை இத்தாலியில் பிளாட்டஸ் என்பவர் எடுத்து லத்தீனில் தன் பாணியில் மாற்றி எழுதினார். ரோமுக்குப் போன கதை லத்தீன் பேசியது, யூப்ரடீஸ் கரைக்கு வந்த கதை கிரேக்கமாகவே நின்றது.

இந்தத் தரையைச் செய்தவர் தன் பெயரையும் பதித்திருக்கிறார்: ஜோசிமோஸ். கடலிலிருந்து அப்ரோடைட் பிறக்கும் காட்சியைக் காட்டும் இன்னொரு தரையில் தன் ஊர்ப் பெயரையும் சேர்த்து, சமோசாட்டா ஊர்க்காரர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். சமோசாட்டா, கொம்மஜீன் அரசின் தலைநகராக இருந்த பக்கத்து ஊர். ஆக, கைவேலை செய்தவர் ஏதென்ஸ்காரரும் இல்லை, ரோம்காரரும் இல்லை. அந்த வட்டாரத்து ஆள்.

அதே சமோசாட்டாவில் பிறந்த இன்னொருவர் எழுத்தாளர் லூசியன். எழுதியது முழுக்க கிரேக்கத்தில், வேலை பார்த்தது ரோமானிய அரசாங்கத்தில், தன்னைச் சொல்லிக்கொண்டது சிரியர் என்று. அவரைப் பிடித்து ‘நீங்க கிரேக்கரா, ரோமானியரா?’ என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்?

ரோமானியப் பேரரசின் கிழக்குப் பாதியில் இதுதான் நிலைமை. ஆட்சி ரோமுடையது, படித்தவர்கள் பேச்சும் எழுத்தும் கிரேக்கம், வீட்டிலும் தெருவிலும் அந்தந்த ஊர் மொழிகள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சங்க இலக்கியத்தில் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு போகிறவர்களை ‘யவனர்’ என்கிறார்கள். கிரேக்கர் என்றும் ரோமானியர் என்றும் அங்கே பிரிக்கவில்லை. பிரிக்க முடியாமல் இல்லை, பிரிக்கத் தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். முசிறியிலிருந்து போன சரக்கு பற்றிய, இப்போது வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு போனது ரோமானியப் பேரரசுக்கு. ஆவணம் எழுதப்பட்டதோ கிரேக்கத்தில்.

கலையின் கதையும் அப்படித்தான். தரையில் கூழாங்கற்களை வைத்துப் படம் போட்டது கிரேக்க உலகில் முன்பே இருந்தது. வடக்கு கிரேக்கத்தின் பெல்லாவில் உள்ள மான் வேட்டைப் படம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டியது, அதிலும் செய்தவர் நோசிஸ் என்று கையெழுத்து இருக்கிறது. பிறகு வெட்டிய கல் வந்தது. ரோமானியர்கள் அதை பிரிட்டன் முதல் வட ஆப்பிரிக்கா வரை கொண்டு போனார்கள். அரண்மனையில் இருந்தது குளியல் கூடத்துக்கும், கடைவாசலுக்கும், நடுத்தரப் பணக்காரர் சாப்பாட்டு அறைக்கும் வந்தது.

அப்போ எந்தப் பெயர் சரி? ஒற்றை வார்த்தையில் முடிக்க முடியாது. ‘ரோமானியக் காலத்து மொசைக், கிரேக்கக் கதை, கொம்மஜீன் கைவேலை’ என்பது நீளமாக இருந்தாலும் பொய் இல்லாதது. சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ‘ரோமானியக் காலத்து’ என்று எழுதலாம். ‘காலத்து’ என்ற சொல்லை மட்டும் வெட்டிவிடக் கூடாது. காஸியான்டெப் மியூசியத்திலேயே கூட இந்தக் குழப்பம் அழகாகத் தெரியும். தரைகளில் பொசைடன், அகிலிஸ் என்று கிரேக்கப் பெயர்கள். அதே அகழாய்வில் கிடைத்த வெண்கலப் போர்த் தெய்வச் சிலை மட்டும் ‘மார்ஸ்’ என்ற ரோமானியப் பெயரோடு உயரமான தூண் மேல் நிற்கிறது.

2000-ல் என்ன நடந்தது?

தென்கிழக்குத் துருக்கியில் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. அதில் ஒன்று பிரெசிக் அணை. ஜியூக்மாவின் தாழ்வான பகுதி முழுக்க அதன் நீர்ப்பிடிப்புக்குள் வரும் என்பது முன்பே தெரியும். துருக்கி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1990-களிலேயே அவசர அவசரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பணமும் இல்லை, ஆட்களும் இல்லை.

2000-ஆம் ஆண்டு அணையில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். நீர்மட்டம் நாளுக்குச் சராசரியாக 10 சென்டிமீட்டர் அளவில் ஏறியது. மே மாதம் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் பேக்கார்டு மனிதவியல் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. பிரிட்டனிலிருந்து அகழாய்வுக் குழு, இத்தாலியிலிருந்து பாதுகாப்பு நிபுணர்கள் என்று இறங்கினார்கள். உச்சி வெயிலில், காலடியில் தண்ணீர் ஏற ஏற வேலை நடந்தது.

எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். எடுக்க முடியாத சுவர்கள் மேல் பாதுகாப்புச் சாந்து பூசி, மண்ணும் மணலும் போட்டு மூடினார்கள். அவை இன்றைக்கும் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த அணையில் மூழ்கியது பழைய ஊர் மட்டும் இல்லை. பக்கத்தில் ஹல்ஃபெட்டி என்ற உயிரோடு இருந்த ஊரின் பெரும்பகுதியும் மூழ்கியது. மக்கள் புது இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். மொசைக்குக்குக் கிடைத்த உலகக் கவனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, ஜோசிமோஸின் சொந்த ஊரான சமோசாட்டா அதற்கு ஏறக்குறைய 10 வருடம் முன்பே அட்டாடுர்க் அணைக்குள் போய்விட்டது. கலைஞரின் ஊர் ஒரு அணையில், அவர் வேலை பார்த்த ஊர் இன்னொரு அணையில்.

தரையை எப்படிப் பெயர்த்து எடுப்பார்கள்?

மொசைக் என்பது மேலே தெரியும் கல் மட்டும் இல்லை. அடியில் பெரிய கற்கள், அதன் மேல் சல்லியும் செங்கல் தூளும் கலந்த சுண்ணாம்புச் சாந்து, அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, கடைசியாகத்தான் கல். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பதித்தாக வேண்டும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் சாந்து போடுவார்கள்.

பெயர்ப்பதற்கு முன்னால் முழுத் தரையையும் போட்டோ எடுத்து, கண்ணாடி போன்ற தாளை மேலே விரித்து கல்லுக்குக் கல் வரைந்துகொள்வார்கள். பிறகு சுத்தம் செய்து காய வைத்து, தண்ணீரில் கரையும் பசையைத் தடவி மேலே காடாத் துணியை ஒட்டுவார்கள். துணி காய்ந்ததும் கற்கள் எல்லாம் அதில் பிடித்துக்கொள்ளும். முகம், கை போன்ற முக்கிய இடங்களைத் தவிர்த்து, ஓரக் கோடுகள் வழியாகத் துண்டு பிரிப்பார்கள். அடியில் நீளமான தட்டை இரும்புப் பட்டைகளைச் செருகி, மெதுவாகத் தட்டித் தட்டி பழைய சாந்திலிருந்து பிரிப்பார்கள். கழன்றதைப் பலகையில் கவிழ்த்து வைப்பதும் உண்டு, பெரிய மர உருளையில் பாய் மாதிரி சுருட்டுவதும் உண்டு.

பரிசோதனைக் கூடத்தில்தான் மீதி வேலை. தரை கவிழ்ந்தே கிடக்கும். முதுகில் ஒட்டியிருக்கும் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, புதுச் சுண்ணாம்புச் சாந்து பூசி, தேன்கூடு போன்ற உள்ளமைப்பு கொண்ட அலுமினியப் பலகையில் ஒட்டுவார்கள். பலகை லேசாக இருக்கும், வளையாது, துருப்பிடிக்காது. அதன் பிறகு திருப்பிப் போட்டு, வெந்நீரால் நனைத்துத் துணியை உரிப்பார்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒன்று போய்விடும். தரை என்பது ஒரு அறையின் பகுதி. வாசல் எந்தப் பக்கம், சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்கு எந்த முகம் நேராகத் தெரிந்தது, கீழே சாந்தில் எந்தக் காலத்துக் காசு, எந்தப் பானை ஓடு சிக்கியிருந்தது என்பதெல்லாம் இடத்தோடு சேர்ந்தது. தரையின் வயதைச் சொல்வதே பல நேரம் அந்தக் காசும் ஓடும்தான். அதனால்தான் இப்போது பாதுகாப்புத் துறையில் முதல் விருப்பம், தரையை அதன் இடத்திலேயே வைத்து மேலே கூரை போடுவது. அதற்கு வழி இல்லையா, ஆவணப்படுத்திவிட்டு மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடு. பெயர்ப்பது கடைசி வழி.

சிமென்ட் செய்த சேதம்

முன்பெல்லாம் இப்படி யோசிக்கவில்லை. இதே துருக்கியின் அன்டாக்கியா, அதாவது பழைய அந்தியோக்கியாவில், 1932 முதல் 1939 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தலைமையில் அகழாய்வு நடந்தது. நூற்றுக்கணக்கான தரைகளைப் பெயர்த்து, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் பலகைகளில் பதித்தார்கள். ஒரு பங்கு உள்ளூர் மியூசியத்துக்கு, மற்றவை பாரிஸுக்கும் அமெரிக்காவின் பல ஊர்களுக்கும் போயின.

அந்தக் காலத்துக்கு கான்கிரீட் நவீனம். ஆனால் கம்பி துருப்பிடித்தால் பெருக்கும், பெருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும், கூடவே மொசைக்கும் பிளக்கும். நம்ம ஊர் பழைய வீட்டு மேல்தளத்தில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நோய்தான். சிமென்ட்டில் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே ஏறி, கல் மேல் வெள்ளையாகப் பூக்கும், கல்லின் முகத்தையே உதிர்க்கும். இப்போது பல மியூசியங்களில் நடக்கும் வேலை பழங்காலத் தவறைச் சரிசெய்வது இல்லை, 80, 90 வருடத்துக்கு முன் போட்ட கான்கிரீட்டை வெட்டி எடுப்பது. அதைக் கல்லைத் தொடாமல் செய்வது பெயர்ப்பதைவிடக் கஷ்டம்.

சீரமைப்பில் இன்னொரு ஆபத்து, அதிகமாக ‘அழகுபடுத்துவது’. கல் உதிர்ந்த இடத்தில் கண் எப்படி இருந்திருக்கும், வாய் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பினால் முகமே மாறிப்போகும். 2015-ல் அதே அன்டாக்கியாவின் ஹட்டாய் மியூசியத்தில் சில மொசைக் முகங்கள் சீரமைப்புக்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டதாக உள்ளூர் மொசைக் கலைஞர் ஒருவர் புகார் சொன்னார். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின, துருக்கி கலாசார அமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. தெரியாத இடத்தைச் சாதாரணச் சாந்தால் நிரப்பி விட்டுவிடுவதுதான் இன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. பார்க்க ஓட்டையாக இருக்கும்தான், ஆனால் ஏமாற்று இருக்காது.

12 துண்டுகளும் ஒரு தப்பான பெயரும்

இனி ஜியூக்மாவின் மிகப் பிரபலமான முகத்துக்கு வருவோம். கலைந்த தலைமுடி, காதில் வளையம், எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்ப்பது போன்ற கண்கள். 1998-ல் ஒரு வீட்டில், விழுந்து கிடந்த தூணுக்கு அடியில் கிடைத்தது. தோண்டியவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஜிப்சிப் பெண்’. உண்மையில் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. டயோனிசஸின் தோழியரில் ஒருத்தி என்பது ஒரு கருத்து, பூமித் தாய் கையா என்பது இன்னொன்று, அலெக்சாண்டரே என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. தூண் விழுந்து மறைத்த அந்த முகம் மட்டும் தப்பியது. சுற்றியிருந்த பெரும்பகுதி 1960-களிலேயே திருடர்கள் கையில் போய்விட்டது.

1965-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள பவுலிங் கிரீன் பல்கலைக்கழகம் 12 மொசைக் துண்டுகளை 35,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர் சொன்னது, அந்தியோக்கியாவில் கிடைத்தவை என்று. பிரின்ஸ்டன் அகழாய்வில் முறையாகப் பிரித்துக் கொடுத்த ஊர் என்பதால் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது, சந்தேகமும் வரவில்லை. பின்னர் அந்தத் துண்டுகளைக் கலைக் கட்டிடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் பதித்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் ஸ்டெஃபனி லாங்கின்-ஹூப்பர், மொசைக் நிபுணர் ரெபெக்கா மோல்ஹோல்ட் உடன் சேர்ந்து 2012-ல் ஆராய்ந்தபோது அந்தியோக்கியா கதை நிற்கவில்லை. கைவேலை, அமைப்பு எல்லாம் ஜியூக்மாவை நோக்கிக் கை காட்டின. பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2018-ல் 12 துண்டுகளும் காஸியான்டெப் வந்து சேர்ந்து, ஜிப்சிப் பெண் இருக்கும் மியூசியத்திலேயே வைக்கப்பட்டன.

‘அந்தியோக்கியா, ரோமானியக் காலம்’ என்ற சீட்டில் இருந்த ரோமானியக் காலம் சரிதான். கிரேக்கக் கலை என்று எழுதியிருந்தாலும் பெரிய தப்பு இல்லை. தப்பாக இருந்தது ஊர்ப்பெயர், அதுவே ஏறக்குறைய 50 வருடம் அந்தத் துண்டுகளை ஒளித்து வைத்தது. அதனால்தான் நமக்கு ‘கிரேக்கமா ரோமா’ என்பதைவிட ‘எந்த வீடு, எந்த அறை’ என்ற கேள்வி பெரிதாகப் படுகிறது. வீடு தெரிந்தால் காலம் தெரியும், எழுத்து தெரியும், செய்தவர் பெயர்கூடத் தெரியலாம். வெட்டி எடுத்து விற்றபின் மிஞ்சுவது அழகான முகமும் வியாபாரி சொன்ன கதையும்தான்.

இப்போது யாருக்குச் சொந்தம்?

சட்டப்படி பதில் எளிது. மண்ணுக்கு அடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்று ஒட்டோமான் ஆட்சியில் 1906-லேயே சட்டம் வந்துவிட்டது, இன்றைய துருக்கியின் சட்டமும் அதே வழிதான். திருப்பிக் கேட்கும்போது துருக்கி நிற்பது இந்தச் சட்டத்தின் மேல். செய்தவர் கிரேக்க மொழி எழுதினாரா, ரோமுக்கு வரி கட்டினாரா என்பது அங்கே கேள்வியே இல்லை.

2011-ல் காஸியான்டெப்பில் ஜியூக்மா மொசைக் மியூசியம் திறக்கப்பட்டது. சுமார் 1,700 சதுர மீட்டர் மொசைக் அங்கே இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மொசைக் மியூசியங்களில் ஒன்று. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அதே நகரின் பழைய கோட்டை இடிந்து சரிந்தது. மொசைக்குகள் பெரிய சேதம் இல்லாமல் தப்பின. ஜியூக்மாவின் மேட்டுப் பகுதி இன்னும் பெரும்பாலும் தோண்டப்படாமல் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

எல்லாத் திருட்டும் திரும்பி வந்துவிடவில்லை. மெட்டியோக்கஸ், பார்த்தெனோப்பி என்ற காதலர் ஜோடியின் படம் ஹூஸ்டனில் இருந்து 2000-ல் திரும்பியது. 1993-ல் அந்தத் தரையைத் தோண்டியவர்கள் பார்த்தது நடுவில் வெட்டப்பட்ட பள்ளத்தைத்தான். ஆனால் 1992-ல் கிடைத்த டயோனிசஸ் – அரியாட்னி கல்யாணக் காட்சி கதை வேறு. அதைப் பெயர்க்காமல் இடத்திலேயே விட்டிருந்தார்கள். 1998-ல் அதன் பெரும்பகுதியைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. தோண்டியபோதே எடுத்த முழுப் போட்டோ இருப்பதால், எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தாலும் அடையாளம் காட்ட முடியும்.